மூன்றாம் வரிசை பக்தியார்

மலேசியாவின் சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டையில், மின்விசிறி மோட்டார் செய்யும் ஜப்பான் கம்பெனியின் வாசலில் தினமும் காலை ஏழு முப்பத்தைந்துக்கு ஒரே ஒரு ஆள் கைகால்களை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார். ஜப்பான்காரர் யாராவது இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். அது இரண்டாம் லைன் சூப்பர்வைசர் பக்தியார் லாசிம். ஜப்பான்காரர்கள் தாங்கள் கற்றுக்கொடுத்த அந்த வழக்கத்தை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். கடைசியாக வந்த மேனேஜர் காரைவிட்டு இறங்கும்போது பக்தியார் இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிற்பதைப் பார்த்து, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணிப் பதிலுக்குக் கையசைத்தார். பக்தியாருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் மறுநாளும் வந்து செய்தார். ஒன்றை விட வேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு வேறு ஒன்று வேண்டும். அவரிடம் இல்லை.

எண்பத்து நான்கில், கிழக்குப் பக்கம் பார்த்து முன்னேற வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்து, பையன்களைக் கூட்டம் கூட்டமாக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பக்தியாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கெடாவில் யான் என்ற ஊர்ப் பக்கம் நெல் போடும் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளை. அவரைக் கொண்டுபோய் விட்ட இடம் நகோயாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருந்த ஒரு சிற்றூர். மோட்டார் லைனில் அவருக்கு ஜோடியாகக் கிடைத்தவர் ஒகாவா. முப்பது வயது இருக்கும். ஒல்லி. பேச்சைவிட இருமல் அதிகம்.

இந்த ஒகாவாதான் ஒரு மதிய இடைவேளையில் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் காட்டு வாத்துகளை வரைந்தார். முன்னால் ஒன்று. பின்னால் இரு பக்கமும் விரிந்துகொண்டே போகும் வரிசைகள். முன்னால் பறப்பது ஜப்பான். காற்றை அது கிழித்துக்கொண்டு போகிறது, அதனால் பின்னால் வருகிறவர்களுக்குப் பாடு குறைவு. இரண்டாம் வரிசையில் கொரியா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர். மூன்றாம் வரிசையில் மலேசியாவும் தாய்லாந்தும். ஜப்பான் முதலில் துணி நெய்தது. அதைப் பின்னால் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு ரேடியோ செய்யப் போனது. ரேடியோவைக் கொடுத்துவிட்டுக் கார் செய்யப் போனது. இப்போது மோட்டார் உன் கைக்கு வருகிறது, நீயும் ஒரு நாள் உனக்குப் பின்னால் வருகிறவனிடம் இதைக் கொடுப்பாய், நாடுகள் பெரிய நாடுகள் ஆவது இப்படித்தான், இது பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதி வைத்தது என்று ஒகாவா சொல்லி முடித்தார். பிறகு இருமினார்.

பக்தியார் காட்டு வாத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் படம் உள்ளே இறங்கிவிட்டது. மூத்தவன் சட்டை நான்கு உடம்பு ஏறி இறங்கிய பிறகு போட்டு வளர்ந்தவருக்கு, வரிசை என்றால் என்ன என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் முறை வரும், அதுவரை நின்றால் போதும் என்று அவர் முழு மனதாக நம்பினார். இந்த நம்பிக்கையை விமானத்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, முப்பது வருஷம் பத்திரமாக வைத்துக் காப்பாற்றியவர் கெடா மாநிலத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் கொண்டுவந்த இன்னொன்று, தட்டுகிற வித்தை. மோட்டாரின் இரண்டு மூடியையும் திருகி முடித்த பிறகு, உள்ளே தண்டைத் தாங்கும் வளையம் கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். தண்டைச் சுழலவிட்டு, நைலான் சுத்தியலால் மூடியின் ஓரத்தில் தட்ட வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். முதல் தட்டில் கரகரப்பு. இரண்டாவதில் அது குறையும். மூன்றாவதில் பட்டுத்துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம். நான்காவது தட்டு, எல்லாம் உறுதியாக உட்காருவதற்காக. ஒகாவா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். சுங்கை பட்டாணியில் பக்தியார் சொல்லிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் நான்கு தட்டினார்கள். அப்படியும் நூற்றுக்கு இரண்டு மோட்டார் கெட்டுப்போகும். கெட்டுப்போன இரண்டுக்காகப் பக்தியார் திட்டிய திட்டில் லைன் பெண்கள் பாதிப்பேர் ஒரு தடவையாவது கழிவறையில் போய் அழுதிருப்பார்கள். ஜப்பானில் ஒன்றுகூடக் கெடாது, உங்கள் கையில்தான் கோளாறு என்பார்.

தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் விற்கும் கடையில் அவருக்கு மூணாம் வரிசை என்றே பெயர் விழுந்துவிட்டது.

"வாங்க மூணாம் வரிசை! என்ன, நம்ம வரிசை இன்னும் நகரலியா?"

"நகரும். பொறுமையா இரு."

"கொரியாக்காரன் போன் விக்கிறான், டிவி விக்கிறான். நாம இன்னும் அந்தக் காத்தாடி மோட்டாரையே தட்டிக்கிட்டு இருக்கோம். சரி, சீனா எந்த வரிசைன்னு ஒகாவா சொன்னாரு?"

"சீனா அப்ப வரிசையில இல்ல."

"இப்ப எல்லாருக்கும் மேல பறக்குதே!"

"அது வேற பக்கத்துலேருந்து வந்துச்சு."

"அப்ப அது வாத்தில்ல அண்ணே. ஏரோப்ளேன்!"

கடையே சிரிக்கும். பக்தியாரும் சிரித்துவைப்பார். அவர் சொல்வதைச் சிரிக்காமல் கேட்டவள் மனைவி சஹாரா ஒருத்திதான். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். ஒரு நாள், "சரி, எல்லாம் வரிசையாப் பறந்து எங்க போவுதுங்க?" என்றாள். "முன்னேற்றத்துக்கு" என்றார். "அங்க போயி?" என்றாள். அதை ஒகாவா சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டு சஹாரா இறந்தாள். அதோடு அவர் வீட்டில் பேச்சு நின்றது. மகள் இன்சிரா பினாங்கில் சிப் கம்பெனியில் என்ஜினியர். சனிக்கிழமை போன் செய்வாள். "மருந்து சாப்டீங்களாப்பா?" என்பாள். "சாப்டேன்" என்பார். பிறகு இருவருமே அடுத்ததாக என்ன பேசுவது என்று யோசிப்பார்கள்.

கடையில் அவர் ஒருபோதும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. ஊர் திரும்பிய மறுவருஷம் ஒகாவாவிடமிருந்து ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்தது. லைனை மூடிவிட்டார்கள், எல்லா இயந்திரங்களும் உங்கள் ஊருக்கு வந்துவிட்டன, நான் இப்போது ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு நிற்கிறேன், குளிர் அதிகம், மோட்டார்கள் நலமா என்று எழுதியிருந்தார். பக்தியார் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ வந்து வாங்கிக்கொண்டு போனதால்தான் நான் குளிரில் நிற்கிறேன் என்று அந்த மனிதர் எழுதாமல் விட்டதுதான் அவரை வதைத்தது. வருஷாவருஷம் பதில் போட நினைத்தார். வருஷம் கூடக்கூட அது இன்னும் கூச்சமாகிப் போனது.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆகஸ்ட்டில் மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இரண்டாம் லைன் வியட்நாமுக்குப் போகிறது, ஹைபோங் ஊருக்கு. நவம்பர் கடைசி நாளோடு இங்கே நிறுத்தம். அங்கிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள், மூன்று மாதம் பக்தியார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் கையில் மோட்டார் சரியாக வந்தால்தான் இயந்திரங்களைக் கப்பலேற்றுவார்கள்.

அன்று சாயங்காலமே ரொக்கியா அவர் வீட்டு கேட்டருகில் வந்து நின்றாள். ரொக்கியா இரண்டாம் லைனில் இருபத்தேழு வருஷம் தட்டியவள். அதே தாமான் குடியிருப்பில் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். சஹாராவின் உயிர்த்தோழி. தாமானில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் நாளே அக்கம்பக்கம் எல்லாம் கத்தியும் பலகையுமாகக் கிளம்பிவந்து கூடிச் சமைக்கும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி அவள்தான். அவள் உப்புப் பார்க்காத அண்டா கிடையாது.

"தியார் அண்ணே, எல்லாத்தயும் சொல்லிக்குடுங்க. கம்பி சுத்தறது, திருகு முடுக்கறது, எல்லாம் குடுங்க. தட்டறத மட்டும் வேணாம்."

"அது கம்பெனி குடுத்த செய்முறைப் பேப்பர்லயே இருக்கு ரொக்கியா."

"என்ன இருக்கு? மெதுவாத் தட்டவும்னு ஒரு வரி இருக்கு. எங்க தட்டறது, எப்ப நிறுத்தறதுன்னு இருக்கா? எனக்கு வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு. உங்க வாய்க்கு பயந்து ரெண்டு தடவ வேலைய விட்டுட்டு ஓடிருக்கேன்!"

"மேனேஜர் கேப்பாரு..."

"கேக்கட்டும். நூத்துக்குப் பதினஞ்சு கெட்டுப்போனா ஜப்பான்காரன் யோசிப்பான். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தள்ளிப்போடுவான். எனக்கு அது போதும் அண்ணே. சின்னவன் படிச்சு முடிச்சிருவான். இங்க நூத்தி நாப்பது பேரு இருக்கோம். நீங்க கெடுதல் எதுவும் செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அந்த ஊரில் கை ஓங்குவதற்குச் சமம். பக்தியார், "பாப்போம்" என்றார். அந்த ஊரில் பாப்போம் என்றால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். சொன்னவருக்கும் தெரியும். ஆனால் தேவை பெரிதாக இருக்கும்போது எவருக்கும் அந்தத் தெளிவு இருப்பதில்லை. ரொக்கியா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு திருத்திச் சொல்லப் பக்தியாருக்கு மனம் வரவில்லை.

"இன்சிரா கல்யாணம் டிசம்பர்லதான? சஹாரா இல்லாத வீடுன்னு ஒருத்தரும் நெனைக்கக் கூடாது. அண்டாவ நான் பாத்துக்கறேன். லைனே வந்துரும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டுப் பேரும் செப்டம்பரில் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி தோவா. நாற்பத்தொரு வயது. முன்பு மலேசியாவிலேயே பத்து பகாட் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போனவள். அதனால் மலாய் கொச்சையாக வரும். மற்றவர்களுக்கு அவள்தான் எடுத்துச் சொன்னாள். பக்தியார் கம்பி சுற்றச் சொல்லிக்கொடுத்தார், திருகச் சொல்லிக்கொடுத்தார். தட்டும் இடம் வந்ததும், "மெதுவாத் தட்டணும்" என்று பேப்பரில் உள்ளதைப் படித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் கண்டபடி தட்டினார்கள். நூற்றுக்குப் பதினேழு கெட்டது. லைன் தலைப்பில் தொங்கும் பலகையில் அந்த எண்ணைத் தினமும் எழுதுவார்கள். எழுதும்போதெல்லாம் ரொக்கியா பக்தியாரைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பாள். சாப்பாட்டு வேளையில் அவர் தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது. சஹாரா போன பிறகு முதல் தடவையாக மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லவே அவருக்கு வெட்கம். ஒரு வித்தையை விழுங்கிவிட்டால் மனிதர்கள் இவ்வளவு பக்கத்தில் வருவார்களா என்று இருந்தது.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் சங்கு ஊதி எல்லாரும் போன பிறகு, பையை எடுக்கத் திரும்பி வந்தவர், தோவா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அன்று கெட்ட மோட்டார்களை எல்லாம் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போகல?"

"சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க தட்டினா உங்க தல சாயுது, இந்தப் பக்கம். நாங்க தட்டினா நீங்க அந்தப் பக்கம் பாக்கறீங்க. எதுக்கு?"

பக்தியார் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பரவால்ல சார். பத்து பகாட்ல எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க. பாதிதான் சொல்லிக்குடுத்தாங்க. நான் முழுசாக் கத்துக்கிட்டா அவங்க வேல போயிரும். எனக்குப் புரிஞ்சுது. கோவம் இல்ல. ரூமுக்குப் போயி அழுதேன், அவ்வளவுதான்." ஒரு வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது சரியா வரலன்னா நான் ஊருக்குப் போயி கம்பெனிக் கூட்டத்துல பதில் சொல்ல நிக்கணும். எட்டுப் பேரையும் நான்தான் பொறுக்கினேன். அவங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என்னயும்."

பக்தியாருக்குக் கார்களுக்கு நடுவில் நிற்கும் ஒகாவா நினைவுக்கு வந்தார். இந்த மனிதர் தன் சோற்றை எடுத்து எனக்குக் கொடுத்தாரே, நான் வாங்கித் தின்றேனே என்று இருந்தது. பையைக் கீழே வைத்தார்.

"சுத்தியல எடு" என்றார். "கண்ண மூடிக்க. காதால கேளு."

ஆறு வாரம் தட்டிப் பழகிய கைகள் என்பதால் நான்கே நாள்தான் ஆயிற்று. எதையும் ஒளிக்கவில்லை. சங்கு ஊதிய பிறகு ஒரு மணி நேரம், எட்டுப் பேரும் சுற்றி நிற்க, அவர் தட்டினார், அவர்கள் தட்டினார்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டியது. அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்க எட்டு வருஷம் கழித்து ஆள் கிடைத்திருந்தது. சந்தோஷத்தில் சாக்கட்டியை எடுத்து வாத்துகளையும் வரைந்துவிட்டார். ஜப்பான் இங்கே, நாங்கள் இங்கே, நீங்கள் இதோ இங்கே என்று காட்டினார். தோவா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்க ஊர்ல வாத்து மேய்ப்பாங்க சார். இப்படித்தான் வரிசையாப் போவும். ஆனா பின்னாடி ஒருத்தன் கோல் வச்சிக்கிட்டு வருவான். நீங்க அவன வரையலியே!"

பக்தியார் கோபப்பட நினைத்தார். வரவில்லை. அவரும் சிரித்தார். பிறகு படத்தைக் காலால் தேய்த்தார்.

ஐந்தாம் நாள் தோவா கேட்டாள். "சார், மூணாவது தட்டுல நல்லா வருது. அப்புறம் எதுக்கு நாலாவது?"

"அது உறுதிக்கு."

"நாலாவது தட்டினா சில மோட்டார்ல சத்தம் மறுபடி மாறுது. கொஞ்சம்தான். நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். முப்பத்து மூன்று வருஷமாக நான்காவது தட்டுக்குப் பிறகு அவர் காதைக் கொடுத்ததே இல்லை. அதுதான் வேலை முடிந்துவிட்டதே! இப்போது கேட்டபோது, பட்டுத்துணிச் சத்தத்துக்குள் ஒரு நூல் பிசிறியிருந்தது. நூறு மோட்டாருக்கு மூன்றே தட்டு வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கெடவில்லை. இன்னொரு நூறு பார்த்தார்கள். ஒன்றும் கெடவில்லை.

பக்தியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஜப்பானில் ஏன் ஒன்றும் கெடவில்லை என்பது விளங்கிவிட்டது. ஒகாவா அங்கே மூன்றுதான் தட்டியிருக்கிறார். சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நான்கு. முதலில் கோபம் வந்து உடம்பு சுட்டது. அந்த மனிதர் பேரில் இத்தனை வருஷம் பட்ட குற்றவுணர்ச்சி எல்லாம் வீண் என்று பட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. ஒகாவாவின் வீட்டு வாசலிலும் ஒரு ரொக்கியா வந்து நின்றிருப்பாள், அவர் ஏதோ கொஞ்சம் எடுத்து ஒளித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கிறார், மனிதர் என்றால் அப்படித்தான் செய்வார் என்று தோன்றியது. அப்புறம் தோன்றியதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. அந்த வரிசையில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒன்றையும் ஒளிக்காமல் கொடுத்தவன் தான் ஒருவன்தான். இது பெருமையா முட்டாள்தனமா என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் பலகையில் வியட்நாம்காரர்கள் கையில் கெட்டது ஒன்று. அதற்கடுத்த நாள் பூஜ்யம். ஒருவரும் கத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். ரொக்கியாவிடம் அவரே போய் நின்றார்.

"ரொக்கியா, நூத்துக்கு ரெண்டு மோட்டார் கெட்டது உங்க தப்பே இல்ல. நாலாவது தட்டுதான் கெடுத்திருக்கு. இத்தன வருஷம் உங்கள நான் திட்டினது தப்பு. மன்னிச்சிரு."

ரொக்கியா வேலையை நிறுத்தாமல் பேசினாள். "அப்ப எங்ககிட்ட இல்லாததயும் சேத்து அவங்களுக்குக் குடுத்துட்டீங்க."

"அவங்களாத்தான் கண்டுபிடிச்சாங்க."

"பாப்போம்னு சொன்னீங்க. நல்லாத்தான் பாத்தீங்க." அடுத்த மோட்டாரை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

நவம்பர் முப்பதாம் தேதி லைன் நின்றது. தோவா விமானம் ஏறும்முன் கைகுலுக்கி, தங்கள் ஊர்த் தேயிலைப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை கல்யாணம். இன்சிரா முன்கூட்டியே வந்துவிட்டாள்.

"அப்பா, ஆள் வச்சு சமைச்சிரலாம். ஒரு போன் போட்டா முடிஞ்சுது. எதுக்கு வம்பு?"

"வேணாம். உங்கம்மா இந்த தாமான்ல எந்த வீட்டு வெங்காயத்த உரிக்காம விட்டா? வருவாங்க."

"வரலன்னா?"

"வருவாங்க" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை. அறுநூறு பேருக்குச் சோறு. அவர்கள் வராவிட்டால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மகள் தலைகுனிந்து நிற்பாள். கடைசி நேரத்தில் ஆள் தேடினாலும் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடாரத்தின் கீழே பாய் விரித்து, நாற்பது கிலோ வெங்காயத்தைக் கொட்டி, கத்திகளைப் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார். எட்டரை. தெருவில் ரொட்டிக்காரன் மட்டும் மணி அடித்துக்கொண்டு போனான். எட்டே முக்காலுக்குப் பக்தியார் தானே பாயில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். நாற்பது கிலோவை ஒரு மனிதர் உரிக்க எத்தனை நேரம் ஆகும் என்று மனம் தன்னால் கணக்குப் போட்டது. கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். தெருமுனையில் முதலில் ரொக்கியா. அவளுக்குப் பின்னால் இரண்டாம் லைன், அவரவர் கத்தி, அவரவர் பலகை, புருஷன்மார் தோளில் அண்டா. நாற்பது பேருக்குக் குறையாது. பக்தியார் எழுந்து நின்றார். யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். மன்னித்துவிட்டார்கள்!

பெண்கள் இன்சிராவைக் கட்டிப் பிடித்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். "ஏண்டி, இன்னும் மெலிஞ்சுட்டே! பினாங்குல சோறு போட மாட்டாங்களா?" என்றார்கள். வட்டமாக உட்கார்ந்து வெங்காயத்தை இழுத்துக்கொண்டார்கள். பின்பக்கத்தில் அடுப்பு எரிந்தது. சிரிப்பும் கூச்சலும் கிளம்பின. அந்த வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு எட்டு வருஷம் ஆகிவிட்டது. பக்தியார் தான் விட்ட கத்தியை எடுத்துக்கொண்டு வட்டத்தில் உட்காரப் போனார். ஒரு பெண் அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் நகர்ந்ததும் பேச்சு தொடர்ந்தது. அண்டாப் பக்கம் போனார். துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்த ரொக்கியாவின் புருஷன், "நீங்க உக்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னார். தேங்காய் துருவும் இடத்திலும் அதே பதில். விறகு எடுக்கக் குனிந்தால் அதற்குள் ஒருவர் எடுத்துவிட்டார். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பேசித் தீர்த்திருப்பார்.

கூடாரத்தின் முன்பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்காகத் துணி விரித்து வைத்திருந்த மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். ரொக்கியாவே தட்டு ஏந்தி வந்தாள். விருந்தாளிகளுக்கு எடுக்கும் பீங்கான் கோப்பை, சாசர், பலகாரம் நான்கு. குனிந்து, வலது கையால் வைத்தாள்.

"ரொக்கியா, எனக்கும் ஏதாவது வேல குடு."

"உக்காருங்க என்சிக். சஹாராவுக்கும் பொண்ணுக்கும் நாங்க இருக்கோம். நாங்க பாத்துக்கறோம்."

ஐயா என்பதுபோல மேனேஜரையும் வங்கிக்காரர்களையும் கூப்பிடுகிற அந்த என்சிக்கை அவள் இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் அவர் பேரில் வைத்ததில்லை.

"இது என் வீடு ரொக்கியா."

"ஆமா, என்சிக். தேத்தண்ணி ஆறிடும்." அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு சீனி எவ்வளவு போடறதுன்னு எனக்குத் தெரியல. போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."

பக்தியாருக்குச் சர்க்கரை வியாதி. அது தாமான் முழுக்கத் தெரியும். அவர் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். அதில் சீனியே இல்லை.

"போதும்" என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.